குடலுக்குள் நீலச் சாயம் எதற்கு?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் பெருங்குடல் அழற்சி நோய் உள்ளது. அடுத்த கொலோனோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) நீலச் சாயம் தெளித்துப் பார்க்கப்போவதாக மருத்துவர் கூறுகிறார். இது தேவைதானா?

பதில்: தேவை என்றே கருதுகிறேன். நோய் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகள் கடந்தவர்களுக்குக் குடல் புற்றுநோய் அபாயம் கூடுவதால், கண்காணிப்புப் பரிசோதனை தொடங்கப்படுகிறது. இந்நோயாளிகளிடம் தோன்றும் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் பல நேரங்களில் காம்புள்ள பாலிப் எனும் சதைமுளையைப் போலத் துருத்தி நிற்காமல், தட்டையாக, சுற்றியுள்ள சவ்வோடு சவ்வாக மறைந்திருக்கும். இவற்றைக் காட்ட இரண்டு நீலச் சாயங்கள் பயன்படுகின்றன. இண்டிகோ கார்மைன் சாயம் திசுவுக்குள் ஊறுவதில்லை. உழுத நிலத்தின் சால்களில் மழைநீர் தேங்குவதுபோல நுண்ணிய பள்ளங்களில் தேங்குவதால், அதுவரை வெறும் சிவப்பாகத் தெரிந்த இடத்தில் மெல்லிய மேடு ஒன்றின் விளிம்பு நீலக் கோடாகத் துலங்கும். மற்றொரு சாயமான மெத்திலீன் நீலத்தை இயல்பான செல்கள் உறிஞ்சிக்கொள்வதால், மாறுபட்ட பகுதி வெளிறித் தெரியும். கண்ணுக்குப் பட்ட அந்த இடத்திலிருந்தே திசுவை எடுத்துச் சோதிக்கலாம். 2015இல் வெளியான ஸ்கெனிக் எனும் பன்னாட்டு வல்லுநர் பரிந்துரையும் இம்முறையை ஆதரிக்கிறது.

மெத்திலீன் நீலம் பயன்படுத்தினால் சிறுநீர் ஓரிரு நாள் பச்சை கலந்த நீலமாகப் போகலாம், அஞ்ச வேண்டாம். ஆனால் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் கட்டாயம் கூறிவிடுங்கள். பேதி மருந்தை மிச்சம் வைக்காமல் சொன்னபடி குடியுங்கள். மலம் ஒட்டியிருக்கும் குடலில் எந்தச் சாயமும் எதையும் காட்டாது.