டர்போ காருக்குச் சித்திரை வெயில் ஒத்துக்குமா? கேள்வி பதில்

வெயில் ஏறியதும், டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டிக்காரர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. எஞ்சினுக்குள் போகிற காற்றின் சூட்டைப் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, என்னுடையது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல். காலையில் பறக்கிறது, மதியம் அதே ரோட்டில் மந்தமாக இருக்குதுங்க. எனக்குத்தான் அப்படித் தோணுதா?

இல்லைங்க, நிஜம்தான். காற்று சூடானால் விரியும். அதே இடத்துக்குள் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரிக் காற்றுக்கும் 40 டிகிரிக் காற்றுக்கும் அடர்த்தியில் 6 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். இது எல்லா எஞ்சினுக்கும் பொது.

டர்போவில் இன்னொன்று சேர்கிறது. காற்றை அமுக்கினாலே சூடாகும். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர் யாரும் கம்ப்ரஸரிலிருந்து வரும் பைப்பில் வெறுங்கையை வைக்க மாட்டார். வெளியே 38 டிகிரி இருக்கும்போது டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், வெளிவரும் காற்று 130 டிகிரியைத் தொடும். முன்னால் ரேடியேட்டர் மாதிரி இருந்து அந்தக் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் அதை 60 வாக்கில் இறக்கித் தருகிறது. காலையில் 25 டிகிரியில் தொடங்கினால் அதுவே 50-க்குள் நிற்கும்.

ஆக்ஸிஜன் குறைவதை டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும். பெட்ரோல் வண்டியில் பெரிய இழப்பு நாக்கிங்கால்தான். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சூடாக இருந்தால், பிளக்கின் நெருப்பு வந்து சேரும் முன்பே ஒரு மூலையில் தானாக வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியு பிளக்கின் பொறியைத் தள்ளிப் போடும், டர்போ கொடுக்கும் அழுத்தமான பூஸ்ட்டையும் குறைக்கும். நீங்கள் மந்தம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, விட்டுவிடுங்கள்.

கோவை: புளூடூத் ஸ்கேனரில் இன்டேக் டெம்பரேச்சர் 64 காட்டுகிறது. நண்பன் வண்டியில் 41தான். என் வண்டியில் கோளாறா?

உள்ளே போகிற காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில வண்டியில் ஏர் ஃபில்டரை அடுத்து, டர்போவுக்கு முன்னாலேயே இருக்கும். அது கிட்டத்தட்ட வெளிக்காற்றைச் சொல்லும். சிலவற்றில் இன்டர்கூலரைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை.

ஒரே எண்ணை வைத்துக் கவலைப்படாதீர்கள். உங்கள் சென்சார் மேனிஃபோல்டில் இருந்தால், பைபாஸில் ஒரே வேகத்தில் போகும்போது வெளிச்சூட்டைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று பாருங்கள். 15, 20 என்றால் சரி. நல்ல ஓட்டத்திலும் 40 கூடுதலாகவே நின்றால் இன்டர்கூலரைப் பார்க்க வேண்டும்.

பெருந்துறை: விஜயமங்கலம் டோல்கேட்டில் வரிசையில் நின்றுவிட்டுக் கிளம்பினால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது.

நிற்கும்போது இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று இல்லை. பக்கத்திலேயே ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் சூட்டைக் கக்குகின்றன. அந்த அலுமினியம் முழுக்கச் சூடு ஊறிவிடுகிறது. 60 கி.மீ. வேகத்தில் கொஞ்ச தூரம் போனால் இறங்கிவிடும். அதுவரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் விடுங்கள், போதும்.

கோபி: தம்பி, நம்மளது டீசல். இதெல்லாம் நமக்கும் உண்டா?

உண்டுங்க ஐயா, ஆனால் வேறு மாதிரி. பெட்ரோல் வண்டியின் நாக்கிங் தொல்லை டீசலில் இல்லை. காற்று குறைந்தால் கரும்புகை வராமலிருக்க ஈசியு டீசலையும் குறைத்துத்தான் கொடுக்கும். புகைபோக்கிப் பக்கச் சூடும் ஏறும். ஏற்றத்தில் லோடோடு போனால்தான் உங்களுக்குத் தெரியும்.

பொள்ளாச்சி: சர்வீஸில் இன்டர்கூலரைச் சுத்தம் செய்தோம் என்றார்கள். எப்படி நம்புவது?

டார்ச்சை எடுத்து முன் பம்பரின் கீழ்வலை வழியாக அடித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் நார் மில் தூசி, திருப்பூர்ப் பக்கமென்றால் பனியன் பஞ்சு. இரண்டும் தகடுகளுக்கு நடுவே பூச்சி இறகோடும் மண்ணோடும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். மேலே பளபளவென்று இருக்கும், கீழ் மூன்று விரல் உயரம் அடைத்திருக்கும். அந்த அடிப்பாகத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

எஞ்சின் ஆறிய பிறகு, முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீர் விடுங்கள். மெல்லிய பிரஷ் போதும். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடு படுத்துவிடும், அப்புறம் காற்று போகவே வழியிருக்காது. ஐந்து பைசா செலவில்லாத இந்த வேலையை விட்டுவிட்டு, ஈசியு புரோகிராமை மாற்றும் ரீமேப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

கோவை: கோன் ஃபில்டர் போட்டால் காற்று கூடுதலாக வரும்தானே?

சத்தம் கூடும். கம்பெனி ஃபில்டர் பெட்டி, கிரில் பக்கத்திலிருந்தோ மட்கார்டு ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றி பானெட்டுக்குள் திறந்த ஃபில்டரை மாட்டினால் எஞ்சின் சூட்டையே எஞ்சினுக்கு ஊட்டுகிறீர்கள். ரேஸ் டிராக்கில் மறைப்புப் போட்டு, தனிக் குழாய் வைத்துச் செய்வது வேறு கதை.

மேட்டுப்பாளையம்: ஊட்டி ஏறும்போது குளிர் கூடக் கூட வண்டி நன்றாக இழுக்க வேண்டாமா? எனக்கு அப்படித் தெரியவில்லையே அண்ணா.

குளிர் ஒரு பக்கம் கொடுக்கிறது, உயரம் மறுபக்கம் எடுத்துக்கொள்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதே பூஸ்ட்டைக் கொடுக்க டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், கூடுதலாகச் சுற்றினால் வெளிவரும் காற்றும் சூடாகும். டர்போ இல்லாத வண்டி இதைவிடத் திணறும் என்பது ஒரு ஆறுதல்.

கஷ்டமான பகுதி மேலே இல்லை, கீழே. கல்லாறு தாண்டி பர்லியார் வரை புழுக்கம், வேகமும் இருக்காது, ஏசியும் ஓடும். அங்கே பெரிய கியரில் முக்க விடாமல் ஒரு கியர் இறக்கி 2,500 ஆர்பிஎம் பக்கம் வைத்து ஏறுங்கள். டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள். டர்போ பேரிங்கில் ஆயில் கருகாது.

நாமக்கல்: இன்டர்கூலர் சுத்தம், ஃபில்டர் புதுசு. அப்படியும் இழுவை இல்லை, உஸ்ஸென்று சத்தம் வருகிறது.

வெயிலைக் குறை சொல்லாதீர்கள். டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது, அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. கசியும் இடத்தில் ஆயில் ஈரமும் தூசியும் படிந்து கறுப்பாக இருக்கும். லேசாக அழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஹோஸை மாற்றிவிட்டு எழுதுங்கள்.