நாட்டுப் பாட்டுகள்: கேளுங்கோ, தெரிந்ததைச் சொல்கிறேன்

உவர்மலை ஆசிரியை: மாஸ்டர், இலங்கைத் தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா? ஒவ்வொரு பெப்ரவரியும் பள்ளிக்கூடத்தில் இதே வாக்குவாதம்.

தாராளமாகப் பாடலாம் டீச்சர். புலவர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்தது, மெட்டும் அதே மெட்டு, 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் மூன்றாம் அட்டவணையில் அந்த வரிகளே இருக்கின்றன. எடுத்துக் காட்டுங்கள், வாக்குவாதம் முடியும். 1949 சுதந்திர விழாவில் இரண்டு மொழியிலும் பாடினார்கள், அதற்கப்புறம் பிரதான அரச விழாவில் தமிழில் கேட்க 2016 வரை ஆனது, 2020இல் திரும்பவும் விட்டுவிட்டார்கள். அந்த மேடையில் எது பாடுவதென்று ஆட்சியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். உங்கள் காலைக் கூட்டத்துக்கு அது தடையில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: தேசிய கீதத்தைத் தாகூர்தான் எழுதினார் என்கிறார்களே?

அப்படி ஒரு கதை உலாவுவது உண்மை. கீதத்தை எழுதிய ஆனந்த சமரக்கோன் தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர், அதனால் கிளம்பிய கதை. அரசு 1951 நவம்பர் 22இல் ஏற்றுக்கொண்டது அவருடைய பாட்டாகத்தான். கேட்க வேண்டிய கதை வேறு, தம்பி. பாட்டு முதலில் 'நமோ நமோ மாதா' என்றுதான் தொடங்கும். தொடக்க எழுத்துகளின் கணப் பொருத்தம், அதாவது எழுத்துகள் நன்மை தருமா கெடுதல் தருமா என்று பார்க்கும் சாத்திரம், சரியில்லை, அதனால்தான் நாட்டுக்குக் கெட்ட காலம், பிரதமர்கள் சாகிறார்கள் என்று சிலர் கிளப்பிவிட, 1961இல் அவர் எதிர்ப்பையும் மீறி முதல் வரியை மாற்றினார்கள். மனம் உடைந்துபோன மனிதர் 1962இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாட்டை வாழ்த்திப் பாட்டுக் கட்டியவருக்கு நாடு செய்த மரியாதை இது!

மூதூர் அக்கா: பாரதி பாட்டெல்லாம் இந்தியாவுக்கு எழுதியவை, நாங்கள் ஏன் பாட வேண்டும்?

பாடக் கட்டாயம் இல்லை அக்கா. ஆனாலும் 'பாரத தேசமென்று' பாட்டில் 'சிங்களத் தீவினுக்கோர் பாலம் அமைப்போம்' என்று நம்மையும் இழுத்துவிட்டார், பாலத்துக்கு நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. எனக்குப் பிடித்தது 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. ஆனந்த சுதந்திரம் வந்துவிட்டது என்று ஆடுகிற பாட்டு, பாரதி இறந்ததோ 1921இல். டி. கே. பட்டம்மாள் குரலில் அது 'நாம் இருவர்' படத்தில் வந்ததும் 1947 தொடக்கத்தில், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்னால்.

நிலாவெளி: பைலாவில் நாட்டுப்பற்றுப் பாட்டு உண்டா?

பைலா என்கிற துள்ளல் பாட்டு ஆடத்தான். அதை விடுங்கள்.

உப்புவெளி: எங்கள் ஊருக்கென்று ஒரு பாட்டு? விழாவில் பிள்ளைகளைப் பாடவைக்க வேண்டும்.

சம்பந்தர் தேவாரம் இருக்கும்போது புதிதாக எதற்கு? 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்று நம் திருகோணமலைக் கடல் முத்து ஒதுக்குவதை அப்படியே பாடியிருக்கிறார், அதுவும் இங்கே வராமல் இராமேஸ்வரத்தில் நின்று பாடியதாகத்தான் மரபு. பக்திப் பாட்டாச்சே என்று தயங்க வேண்டாம், ஊர்ப் பாசம் அதில் வழிகிறது. மற்ற மதப் பிள்ளைகளும் இருந்தால் கடலை வர்ணிக்கும் அடிகளை வாசிக்கவிட்டு, பாட விரும்புகிறவர்களை மட்டும் பாடவையுங்கள். அதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், புறநீர்மை; காலை ராகமான பூபாளத்தில் பாடுவார்கள், ஆகவே காலை நிகழ்ச்சியில் வையுங்கள்.