பழைய பாக்கியைப் புது வண்டியில் ஏற்றாதீர்கள்

கேள்வி: டெக்ஸஸில், சான் ஆன்டோனியோவுக்குத் தெற்கே 40 ஏக்கர் வைத்திருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் ஊருக்குள் வேலை. மாலையிலும் வார இறுதியிலும் ஆடு, வேலி, கொஞ்சம் வைக்கோல் என்று நிலத்தில் வேலை இருக்கும். காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். குளிர்காலத்தில் மான் வேட்டைக்கும் போவோம். 2022-ல் வாங்கிய திறந்த யூடிவி (காட்டிலும் வயலிலும் ஓடும் சிறிய நாலு சக்கரப் பண்ணை வண்டி) 410 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் 9,500 டாலர் கடன் பாக்கி. டீலர் அதை 6,500-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஏசி, ஹீட்டர், கண்ணாடிக் கதவு எல்லாம் உள்ள மூடிய கேபின் வண்டி, வரியோடு சேர்த்து 36,000 வருகிறது. பழைய பாக்கியையும் இதிலேயே சேர்த்து 84 மாதம், 9.99 சதவீத வட்டி, மாதம் 650-க்குள் முடித்துத் தருகிறாராம். 2019-ல் வாங்கிய முதல் வண்டியையும் இப்படித்தான் மாற்றினோம். அப்போது 1,200 பாக்கி சேர்ந்தது. மனைவியின் தம்பி வேட்டை சீசனில் வந்து தங்குவார். ஆறு பேர் உட்காரும் வண்டியாக எடுங்கள், மாதம் 200 நான் தருகிறேன் என்கிறார். பண்ணைச் செலவு என்று வரிக்கழிவும் கிடைக்குமாம். போலாரிஸ் ரேஞ்சர் நார்த்ஸ்டார், கேன்-ஆம் டிஃபெண்டர் லிமிடெட், குபோட்டா டீசல், இவற்றில் எது நல்லது? இவ்வளவு கடன் வாங்கலாமா என்று யோசித்து யோசித்து இரவில் தூக்கம் போய்விட்டது.

பதில்: மூன்றும் நல்ல வண்டிதான், அதற்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "அப்போது 1,200 பாக்கி சேர்ந்தது." முதல் தடவை 1,200. இந்தத் தடவை 9,500 பாக்கிக்கு 6,500 கிடைக்கிறது, ஆகவே 3,000. கடன் முடிவதற்குள் வண்டியை மாற்றுவது, மீதியை அடுத்த கடனுக்குள் தள்ளுவது, மாதத் தவணை கட்டும்படி இருந்தால் சரி என்று கையெழுத்துப் போடுவது. ஆறு வருடமாக இதுதான் நடக்கிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பழக்கம். எந்த கம்பெனி வண்டியை எடுத்தாலும் இது கூடவே வரும்.

டீலர் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். 36,000-த்தோடு 3,000 சேர்த்தால் 39,000. 9.99 சதவீதத்தில் 84 மாதத்துக்குத் தவணை சுமார் 647 டாலர். அவர் சொன்னது உண்மைதான், 650-க்குள் வருகிறது. ஆனால் ஏழு வருடத்தில் நீங்கள் கட்டப்போவது 54,000-க்கும் சற்று மேல். வட்டி மட்டும் 15,000-க்கு மேல். இப்போது கையில் இருக்கும் வண்டியை விற்றால் வரும் பணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெறும் வட்டி.

இதைவிட எனக்குக் கவலை தருவது மூன்று வருடம் கழித்து இருக்கும் நிலை. உங்கள் வழக்கப்படி அப்போது மறுபடி மாற்றத் தோன்றும். 36 தவணையில் 23,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள். கடன் இன்னும் 25,500 இருக்கும். நீண்ட காலக் கடனில் ஆரம்ப வருடங்களில் வட்டிதான் அதிகம் போகும், அசல் மெதுவாகத்தான் இறங்கும். மூன்று வருடம் மண்ணிலும் முள்ளிலும் ஓடிய வண்டிக்கு 18,000 கிடைத்தாலே நல்ல விலை. அப்படியே கிடைத்தாலும் 7,500 துண்டு விழும். 1,200, பிறகு 3,000, பிறகு 7,500. நான்காவது வண்டியின் கடனில் மூன்றாவது வண்டியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மூன்று வருடத்தில் 410 மணி நேரம் என்றால் வருடத்துக்குச் சுமார் 135 மணி. ஏழு வருடத்தில் 945. அந்த 54,000-ஐ இதனால் வகுத்தால், வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 57 டாலர். பெட்ரோல், ஆயில், டயர் இதில் இல்லை. கடன் கொடுத்தவர் கேட்கும் முழுக் காப்பீடும் இல்லை. 40 ஏக்கரில் ஆட்டுத் தீவனம் கொண்டுபோக மணிக்கு 57 டாலர் கட்டுப்படியாகுமா?

"வரியில் போய்விடும்" என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை குறைகிறது. தொழிலுக்கு வாங்கும் வண்டி, இயந்திரத்தின் விலையை வாங்கிய வருடமே செலவாகக் கழிக்க விடும் பிரிவு 179 கழிவைத்தான் டீலர் சொல்கிறார். அது வரி கட்ட வேண்டிய வருமானத்தைக் குறைக்கும், வண்டி விலையைத் திருப்பித் தராது. உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 24 சதவீத வரம்பில் இருப்பதாகவும், வண்டியின் 60 சதவீத ஓட்டம் பண்ணைக்கு என்றும் வைத்துக்கொள்வோம். 36,000-ல் 60 சதவீதம் 21,600. அதில் 24 சதவீதம் 5,200-க்குள். வட்டியில் பண்ணைப் பங்கும் செலவாகக் கழியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் 54,000 செலவழித்து அந்த அளவு மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. பண்ணை உபயோகம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்காகப் போகும் வேட்டை அந்தக் கணக்கில் சேராது. பின்னால் ஒரு வருடம் 50-க்குக் கீழே வந்தால், எடுத்த கழிவில் ஒரு பகுதி மறுபடி வருமானமாக வந்து உட்காரும். எத்தனை மணி நேரம் எதற்கு ஓட்டினீர்கள் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்க வேண்டும். அதோடு, ஆட்டுப் பண்ணை வருடா வருடம் நஷ்டம் காட்டினால் இது தொழிலா, பொழுதுபோக்கா என்று வருமான வரித்துறை கேட்கும். ஐந்தில் மூன்று வருடம் லாபம் காட்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு எதிரே நிற்பது சுலபம். விற்பனை வரி விலக்குக்கு உள்ள உங்கள் விவசாயப் பதிவு எண்ணை இந்த வண்டிக்குக் காட்டவே வேண்டாம். டெக்ஸஸில் அந்த விலக்கு, விற்பனைக்கான விவசாய உற்பத்திக்கு மட்டுமே பயன்படும் பொருளுக்குத்தான். நவம்பரில் அதே வண்டியில் மான் வேட்டைக்குப் போகப்போகிறீர்கள்.

மச்சினர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மாதம் 200 என்றால் 84 மாதத்துக்கு 16,800 டாலர். உங்கள் பக்கம் மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கி ஜனவரி மூன்றாம் ஞாயிறு வரை. இரண்டரை மாதம் வந்து போகிறவர், ஏழு வருடம், மாதம் தவறாமல் அடுத்தவர் வண்டிக்குப் பணம் கட்டுவார் என்று நம்பி நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வேலை மாறும், ஊர் மாறும், பிள்ளைகள் படிப்பு வரும். தவணை நின்றால் தம்பியிடம் போய்க் கேட்கும் சங்கடம் உங்கள் மனைவிக்குத்தான். உதவ நினைத்தால் கீழே சொல்லும் கண்ணாடி, ஹீட்டர் வேலைக்கு ஒரே தடவையாக 1,000 டாலர் தரட்டும், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் வண்டி என்கிறார் அவர். நீங்கள் குபோட்டா கேட்கிறீர்கள். தொழிற்சாலையிலேயே கேபினோடு வரும் குபோட்டா ஆர்டிவி-எக்ஸ்1100சி-யில் இரண்டே பேர்தான் உட்காரலாம். இந்த இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பார்த்தால், வண்டி எதற்கு என்பது உங்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்று தெரிகிறது. முடிவாகாத நேரத்தில் 84 மாதக் கடன் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? இருக்கும் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். 410 மணி நேரம் என்பது பராமரித்த யூடிவிக்கு வயதே இல்லை. முன் கண்ணாடி, கூரை, பின் தடுப்பு, ஜிப் வைத்த துணிக் கதவு, எஞ்சின் ரேடியேட்டர் தண்ணீரிலிருந்து சூடு எடுக்கும் ஹீட்டர், எல்லாம் சேர்த்து 2,000 டாலரைச் சுற்றி முடியும். கீறல் தாங்கும் பூச்சு உள்ள பாலிகார்பனேட் கண்ணாடியாகக் கேளுங்கள். அதைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். உங்கள் மண்ணின் தூசி அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போது தேய்த்தால் ஒரே வாரத்தில் கோடு கோடாகிவிடும், காலைச் சூரியன் எதிரே வந்தால் ஒன்றும் தெரியாது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் மெல்லத் துடையுங்கள்.

இதில் ஏசி வராது, அது எனக்கும் தெரியும். டெக்ஸஸ் ஆகஸ்டில் குளிரூட்டிய கேபின் எவ்வளவு ஆசைப்பட வைக்கும் என்பதும் புரிகிறது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்து வைக்கோல் தூசி ஒத்துக்கொள்ளாது என்றால் எழுதுங்கள், அந்தக் கணக்கே வேறு. அப்படி இல்லை என்றால், மாலையிலும் வார இறுதியிலும் மட்டும் ஓடும் வண்டிக்காக ஏழு வருடக் கடனில் விழ வேண்டியதில்லை.

வேட்டைக்கு மூடிய கேபின் பலர் நினைக்கும் அளவு உதவாது. குளிர்ந்த விடியலில் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும், வெளிச் சத்தம் கேட்காது, கதவைத் திறந்து மூடும் ஓசை தூரம் போகும். காட்டுப்பன்றி உங்கள் நிலத்தில் வருடம் முழுக்க வரும், அதிலும் வெயில் காலத்தில் பெரும்பாலும் இரவில். எந்த வண்டியானாலும் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போகப்போகிறீர்கள். வண்டியில் ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது என்பதை மட்டும் வருகிற எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

டீலருக்குக் கொடுக்க இருந்த அதே 650-ஐ இந்த மாதமே பழைய கடனில் கட்ட ஆரம்பியுங்கள். 15, 16 மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அதே தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். இன்றிலிருந்து மூன்றாவது வருட முடிவில் அதில் 13,000 இருக்கும். பழைய வண்டியை டீலரிடம் கொடுக்காமல் நேராக விற்றால் 5,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி, ஹீட்டர் செலவு போக 16,000 டாலர் கையில், கடன் இல்லை. அதே நாளில் டீலர் வழியில் போயிருந்தால் வண்டியை விற்ற பிறகும் 7,500 கடன் நின்றிருக்கும்.

அந்த 16,000-த்தோடு இரண்டு மூன்று வருடம் ஓடிய கேபின் வண்டியைத் தேடுங்கள். மீதிக்குக் கடன் வேண்டுமானால் கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களின் கூட்டுறவு வங்கி) வாங்குங்கள், 36 மாதத்துக்கு மேல் போகாதீர்கள். வாங்குமுன் சேஸிஸ் எண்ணை வைத்து, குறையைச் சரிசெய்ய கம்பெனி திரும்ப அழைத்த ரீகால் வேலை ஏதும் செய்யப்படாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எந்த வண்டி என்பதற்கு இப்போது வருகிறேன். தீவன மூட்டை, வேலிக்கம்பு, மெதுவான பாரவேலை என்றால் என் ஓட்டு குபோட்டாவுக்கு. 25 குதிரைத்திறன்கூட முழுதாக இல்லாத டீசல், வேகமும் குறைவு. ஆனால் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் ஹைட்ரோஸ்டாடிக் கியர், அந்த வேலைக்கு ரப்பர் பெல்ட் கிடையாது. ரேஞ்சர் நார்த்ஸ்டார் 82 குதிரைத்திறன், நல்ல வேகம், 2,500 பவுண்டு இழுக்கும். டிஃபெண்டரும் ஏறக்குறைய அதே வர்க்கம். இரண்டும் பெல்ட் வண்டி. பாரம் இழுக்கும்போது லோ கியரில் போடாமல் ஹையிலேயே ஊர்ந்தால் பெல்ட் கருகும். உங்கள் இப்போதைய வண்டிக்கும் இது பொருந்தும்.

மின்சார ரேஞ்சர் கைனெட்டிக் சத்தமில்லாமல் போகும், வேட்டைக்கு அருமை என்று யாராவது சொல்வார்கள். சத்தமில்லை என்பது சரி. கம்பெனி சொல்லும் தூரமே ஒரு முறை சார்ஜுக்கு மாடலைப் பொறுத்து 45 அல்லது 80 மைல். பாரமும் ஹீட்டரும் அதைக் குறைக்கும். புது மோகத்துக்கு முதல் ஆளாகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வரும் கெய் டிரக்குகளும் இப்போது பேச்சாக இருக்கின்றன. சுசுகி கேரி, ஹோண்டா ஆக்டி போன்ற 660 சிசி குட்டி லாரிகள். இரும்புக் கேபின், ஹீட்டர், சிலவற்றில் ஏசியும் உண்டு. 25 வருடம் பழையதாக இருந்தால் இறக்குமதிக்குத் தடையில்லை, டெக்ஸஸில் 2024 முதல் பதிவும் செய்யலாம். புது யூடிவியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கே பல கிடைக்கும். ஆனால் வயிறு தரையை ஒட்டிப் போகும், மழை பெய்தால் உங்கள் மண்ணில் புதையலாம், பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும். ரொக்கம் சேர்ந்த பிறகு ஒன்றை ஓட்டிப் பாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசியாக, 2022 கடன் பத்திரத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். நீட்டித்த வாரண்டி, கடன் காப்பீடு என்று ஏதாவது அசலில் சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். பெரும்பாலும் இவற்றை இடையில் ரத்து செய்யலாம். மீதிக் காலத்துக்கான பணம் நேரே கடனில் வரவாகும். சில நூறு டாலராக இருந்தாலும் 9,500 அன்றே குறையும். டீலர் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள், ரத்து செய்யும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.