சம்பளம் கேட்டது பேராசையா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

'த்ரீஸ் கம்பெனி'ங்கற அமெரிக்க சிட்காம் (காமெடி டிவி தொடர்) எடுத்தப்ப திரைக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு 2003ல என்பிசி சேனல் ஒளிபரப்புன டிவி படத்தை போன வாரம்தான் பாத்தேன். அவ்ளோ ஒட்டா இருந்த மூணு பேரு, சூசன் சோமர்ஸ் சம்பளத்தை ஏத்தி கேட்டதும் அப்படியே பிரிஞ்சு போயிடறாங்க. படம் முடிஞ்சதும் எனக்கு சூசன் மேல செம கோவம். அந்தம்மா பேராசைப்பட்டுத்தான் எல்லாத்தையும் கெடுத்தாங்களா? இந்த மாதிரி படங்களை எவ்ளோ தூரம் நம்பலாம்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் பாத்தா சூசன் மேல கோவம் வர்றது சகஜம்தான், கதையைச் சொல்றவங்க நிக்கிற இடம் அப்படி. ஆனா எனக்கு அந்தம்மா பக்கம்தான் நியாயம்னு படுது.

பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். 1977ல இருந்து 1984 வரை அமெரிக்கால ஏபிசி சேனல்ல ஓடுன தொடர் இது. சான்டா மோனிகால ரெண்டு பொண்ணுங்க இருக்கற அபார்ட்மென்ட்ல ஒரு பையன் குடி வரணும், ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டார்ங்கறதால அவனை ஓரினச்சேர்க்கையாளர்னு சொல்லி வெச்சிடறாங்க, அந்தப் பொய்யைக் காப்பாத்தற கூத்துதான் மொத்தக் கதையும். ஜான் ரிட்டர், ஜாய்ஸ் டிவிட், சூசன் மூணு பேருமே பிரமாதமா பண்ணியிருப்பாங்க.

1980ல அஞ்சாவது சீசன் சமயத்துல சூசனுக்கு எபிசோடுக்கு 30,000 டாலர் சம்பளம். அவங்களுக்காக பேசுன கணவர் ஆலன் ஹேமல் 1,50,000 டாலரும் லாபத்துல 10 சதவீதமும் கேட்டார். எதிர்ப்பக்கம் தர்றேன்னது 5,000 டாலர் உயர்வு. ஒரேயடியா அஞ்சு மடங்கான்னு தோணும்தான், ஆனா அதே நேரத்துல பெரிய ஹிட் தொடர்ல நடிக்கற ஆம்பளைங்க வாங்கறதைத்தான் நான் கேட்டேன்னு அவங்க கடைசிவரை சொன்னாங்க, 'மேஷ்' தொடரோட ஆலன் ஆல்டாவை உதாரணமாவும் காட்டுவாங்க. எனக்கு அந்த 10 சதவீதம்தான் முக்கியமா படுது. ஹிட் சிட்காம்ல பெரிய காசு முதல் ஒளிபரப்புல வர்றதில்ல, அப்புறம் ஊர் ஊரா லோக்கல் சேனல்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை வித்து வருஷக்கணக்கா எடுக்கறதுதான். அதுல நம்மளால வந்த பங்கு கொஞ்சமாவது நமக்கு வரட்டும்னு ஒரு நடிகை கேக்கறது எப்படிங்க பேராசை?

அதுக்கப்புறம் அவங்களை நடத்துன விதம்தான் எனக்கு ஆறவே ஆறல. சூசன் நடிச்ச கிரிஸ்ஸி கேரக்டர் உடம்பு சரியில்லாத அம்மாவைப் பாத்துக்க ஃப்ரெஸ்னோங்கற ஊருக்குப் போயிட்டான்னு கதையை மாத்திட்டாங்க. ஒவ்வொரு எபிசோடுலயும் கடைசில ஒரு நிமிஷம் போல போன்ல பேசுவா, அவ்ளோதான். அந்த ஒரு நிமிஷத்தை மத்த ரெண்டு பேரும் இல்லாத நேரத்துல சூசனை தனியா வரவெச்சு எடுத்தாங்க, கூடவே செக்யூரிட்டி வேற. கிரிஸ்ஸியோட காமெடியே எதிராளி முகத்தைப் பாத்துட்டு ஒரு நொடி புரியாம முழிக்கறதுலதான் இருக்கு, ஜான் ரிட்டர் பக்கத்துல நின்னாத்தான் அது எடுபடும். அதைப் பிடுங்கிட்டு கைல வெறும் ரிசீவரைக் கொடுத்து நடின்னா என்ன பண்றது. அந்த சீன்களை இப்ப பாத்தாலும் பெரிய ஹிட் தொடரோட ஸ்டார் ஒருத்தங்களை தண்டனைல வெச்ச மாதிரிதான் தெரியும். அந்த சீசன் முடிஞ்சதோட சூசன் தொடர்ல இருந்தே போயிட்டாங்க.

இப்ப படத்துக்கு வர்றேன். இதுல ஜாய்ஸ் டிவிட் இணைத் தயாரிப்பாளர், திரைல அவங்களே வந்து கதையை சொல்றாங்க. அதனால இது ஜாய்ஸ் பாத்த சண்டை. பொய்னு நான் சொல்ல வரல. இந்தச் சம்பளச் சண்டைல சூசன் ஷூட்டிங்குக்கு வராத நாட்கள்ல கூட நடிக்கறவங்க பட்ட கஷ்டம் நிஜம், ஜாய்ஸோட வலியும் நிஜம். ஆனா சம்பளத்தை முடிவு பண்ணது ஜாய்ஸோ ரிட்டரோ கிடையாது. சேனல்காரங்களும் புரொடியூசர்களும் படத்துல வர்றாங்க, இருந்தும் நம்ம மனசுல நிக்கறது மூணு நண்பர்கள் பிரிஞ்ச சோகம்தான், ஏன்னா நட்பு உடையறதை நடிச்சுக் காட்டலாம், கான்ட்ராக்டை என்னத்த நடிக்கறது. இந்த வகைப் படம் எல்லாத்துலயும் இந்தக் கோளாறு உண்டு. வருஷம், கான்ட்ராக்ட், யார் எப்ப விலகுனாங்கங்கறதை எல்லாம் நம்பலாம். மூடுன ரூமுக்குள்ள பேசுன வசனம் ஸ்க்ரிப்ட் எழுதுனவரோடது.

படம் வந்தது 2003 மே மாசம். அந்த செப்டம்பர் 11ம் தேதி ரிட்டர் வேற ஒரு சிட்காம் செட்ல உடம்பு முடியாம போய் இறந்துட்டார், 54 வயசுதான். அதுக்கு முன்னாடி சூசனும் அவரும் பேசி சமாதானம் ஆகியிருந்தாங்க. ஜாய்ஸும் சூசனும் பேச மட்டும் 2012 ஆச்சு, முப்பது வருஷத்துக்கு மேல! சூசனோட நிகழ்ச்சிக்கே ஜாய்ஸ் விருந்தாளியா வந்தாங்க. 2023ல சூசனும் போயிட்டாங்க. அந்தப் பேட்டி கிடைச்சா அவசியம் பாருங்க. படத்துல நடிகைங்க வாயால கேட்ட கதையை, சம்பந்தப்பட்ட ரெண்டு பேரும் நேருக்கு நேரா உக்காந்து பேசறாங்க. பாத்த பிறகும் சூசன் மேல அதே கோவம் இருந்தா திரும்ப எழுதுங்க, பேசுவோம்.