நல்ல ராஜா கிடைத்தால் முடியாட்சியே மேல்தானே?

"ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கூத்து இல்லாமல், நல்ல ராஜா ஒருவர் ஆண்டால் முடியாட்சியே மேல் இல்லையா? அதில் அப்படி என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுங்கோலன் வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் வழக்கமாகப் பதில் சொல்வார்கள். எனக்கு அது முடியாட்சிக்கே உரிய குறையாகப் படவில்லை. ஓட்டு வாங்கி வந்த கொடுங்கோலர்களும் உண்டு. யாருக்கும் கெடுதல் நினைக்காத, ஆனால் ஆளவே முடியாத ஒருவர் அரியணையில் உட்கார்ந்துவிட்டால்? ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸ் கதை அதுதான்.

அவருடைய அப்பா நான்காம் பெலிப்பே, மூத்த தாரத்து மகனுக்குத் தன் தங்கை மகள் மரியானாவைப் பேசி முடித்திருந்தார். 1646-இல் பையன் இறந்துபோனான். ஆண் வாரிசு வேண்டுமே! மகனுக்குப் பார்த்த பெண்ணை 1649-இல் தானே கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு 44 வயது, பெண்ணுக்கு 14. தாய்மாமன் முறை நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இவர்களுடைய ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் சொத்து வெளியே போகக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுத்து வாங்கினார்கள். சொத்து என்றால் சும்மாவா? ஸ்பெயின், நேப்பிள்ஸ், மிலான், இன்றைய பெல்ஜியம், அமெரிக்கக் கண்டத்தில் பெரும்பகுதி, பிலிப்பைன்ஸ்.

இந்தக் கல்யாணத்தில் 1661-இல் பிறந்த கார்லோஸ், நாலு வயது நிறையும் முன்பே 1665-இல் ராஜா ஆனார். பேச்சும் நடையும் தாமதம். தாடை நீண்டு, சாப்பாட்டை மெல்லுவதே பெரும்பாடு. முதலில் அம்மா ஆண்டார். 1677-இல் அவரை ஒதுக்கிவிட்டு, அப்பாவுக்கு ஒரு நாடக நடிகையிடம் பிறந்த அண்ணன் வந்து உட்கார்ந்தார். பிறகு யார் யாரோ. கார்லோஸுக்கு இரண்டு கல்யாணம் செய்துவைத்தும் குழந்தை இல்லை. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நம்பி, அரண்மனையிலேயே பேயோட்டினார்கள். 'சூனியம் வைக்கப்பட்டவர்' என்பதே அவருடைய பட்டப்பெயராகிவிட்டது. பாவம், அவர் மேல் என்ன தப்பு?

இப்படியே 35 வருடம். "இவரால் முடியவில்லை, வேறு ஆளைப் பார்ப்போம்" என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே 1698-லும் 1700-லும் இங்கிலாந்தும் ஹாலந்தும் பிரான்சும் உட்கார்ந்து அவர் சொத்துக்குப் பாகப்பிரிவினை பேசின. அவரோ கடைசி நேரத்தில், மொத்தத்தையும் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பேரனுக்கு உயில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். குடிமக்களையும் சேர்த்துத்தான் உயில்! சொத்தில் பங்கு எதிர்பார்த்திருந்த மற்ற அரசுகள் விடுமா? 1701-இல் தொடங்கிய போர் 1714 வரை ஐரோப்பாவை உலுக்கியது. அதில் 1704-இல் பறிபோன, ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள ஜிப்ரால்டர் இன்றும் பிரிட்டன் கையில்தான் இருக்கிறது. பார்சிலோனா வீழ்ந்த செப்டம்பர் 11-ஐ, அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட பகுதியின் கத்தலோனியர்கள் இன்றும் தங்கள் தேசிய நாளாக நினைவுகூர்கிறார்கள்.

நம் மதுரையும் இதைப் பார்த்திருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன், ஒரு மகன் வீரபாண்டியனுக்குப் பட்டம் கட்ட நினைக்க, இன்னொரு மகன் சுந்தரபாண்டியன் தகப்பனையே கொன்றதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். அண்ணன் தம்பி சண்டை ஓய்வதற்குள் 1311-இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வந்துவிட்டது.

இதோடு 1977-ஐ வைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தி, ரேபரேலியில் தானே தோற்று, ராஜினாமா செய்துவிட்டுப் போனார். மூன்றே வருடத்தில் திரும்பவும் வந்தார், அது வேறு விஷயம். இரண்டு முறையும் ஓட்டுப்பெட்டிதான் முடிவு சொன்னது.

"நார்வேயிலும் ஜப்பானிலும் நன்றாகத்தானே போகிறது?" என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே ஆள்வது மன்னர் இல்லையே. அவ்வளவு ஏன், ஸ்பெயினிலேயே இப்போதும் ராஜா இருக்கிறார். ஆறாம் பெலிப்பே, அந்த உயிலால் வந்த பூர்போன் வம்சம்தான். ஆனால் 1978 அரசியல் சட்டப்படி, அவர் போடும் கையெழுத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பிரதமரோ ஓர் அமைச்சரோ கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.