தற்காலிகம்தான், போட்டுப் பாருங்கள்

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்து, 'கேட்' தேர்விலும் தேறியிருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டேஷனல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங் துறையில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) இடத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. 'முற்றிலும் தற்காலிகம்' என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- கரூர் வாசகி

பதில்: இரண்டுக்கும் போடுங்களேன் அம்மா, யார் தடுத்தது? மெக்கானிக்கல் படித்தவர்கள்தான் இதற்கு வருவார்கள் என்று ஒதுங்க வேண்டாம். காற்றும் நீரும் வெப்பமும் எப்படிப் பரவும் என்ற சமன்பாடுகளைக் கணினியில் தீர்ப்பதுதான் அங்கே வேலை. கணக்குப் படித்தவர்களுக்குப் பழகிய இடம்.

நான் உட்கார்ந்த தேர்வுக் குழுக்களில் பெரும்பாலும் போர்டில் வெப்பச் சமன்பாட்டை எழுதச் சொல்லித்தான் ஆரம்பிப்போம். அதை ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையில் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். எக்ஸ்ப்ளிசிட் முறையில், அதாவது இப்போதைய மதிப்புகளை வைத்தே அடுத்த கணத்தைக் கணிக்கும்போது, கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படியை (ஒவ்வொரு கணிப்பிலும் முன்னேறும் நேர அளவை) கால்வாசியாக்க வேண்டும். இல்லையென்றால் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகி விடை வெடித்துவிடும். ஏன்? பயோடேட்டாவில் ஆன்சிஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் தெரியும் என்று தடித்த எழுத்தில் போட்டவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். இந்த 'ஏன்'-ஐப் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மத்திய அரசுத் திட்டமென்றால் ஜே.ஆர்.எஃப்.புக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. சேருவதற்கு முன் பேராசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது? பிஎச்.டி.க்குப் பதிவு செய்துகொள்ளலாமா? கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அந்த இடமே வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பைதான் தெரியும். சீனியர் ஃபோர்ட்ரான் படி என்கிறார். 1957-இல் வந்த மொழியை இப்போது எதற்குப் படிப்பது?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: பைதானின் கணக்குத் தொகுப்பான நம்பையில் நீங்கள் ஒரே வரியில் மேட்ரிக்ஸைத் தீர்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் இருக்கும் லேபேக் என்ற கணித நிரல் தொகுப்பு ஃபோர்ட்ரானில் எழுதியதுதான். டபிள்யூ.ஆர்.எஃப். வானிலை மாடலும் அப்படியே. எழுத வராவிட்டாலும் வாசிக்கத் தெரியட்டும்.

அதைவிட அவசரம் லினக்ஸ். ஐ.ஐ.டி. மெட்ராஸின் பரம் சக்தி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யின் பரம் பிரவேகா மாதிரி சூப்பர் கம்ப்யூட்டர்களில் மவுஸுக்கு வேலை குறைவு. ஸ்கிரிப்ட் எழுதி வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்குப் பழகியவர்களுக்குச் சிரமமில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். அதில் பயிற்சி எடுக்க முடியுமா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: தாராளமாக. திரவ ஓட்டத்தைக் கணிக்கும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம். அதில் 'கேவிட்டி' என்றொரு பாடம் வரும்: மேல்மூடி நகரும் பெட்டிக்குள் திரவம் சுழல்வது. 20-க்கு 20 கட்டத்தை 40-க்கு 40 ஆக்கி ஓட்டுங்கள். கூரான்ட் எண் (ஒரு காலப்படியில் திரவம் எத்தனை கட்டம் நகர்கிறது என்ற கணக்கு) 1-ஐத் தாண்டாதபடி காலப்படியையும் பாதியாக்குங்கள். இரண்டு விடைக்கும் எவ்வளவு வித்தியாசம், எந்த மூலையில் அதிகம் என்று ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள். சான்றிதழ்க் கட்டுக்கு முன்னால் நான் அதைத்தான் படிப்பேன்.