தைப்பூசத்துக்கு மட்டும் படித்துறை ஏன் வழுக்குகிறது?

கேள்வி: "அண்ணே, வணக்கம். பினாங்கில் மலையடிவாரத்தில் எங்கள் கோயில். பின்னால் ஓர் ஓடை இறங்குகிறது. தைப்பூசத்தன்று விடியற்காலையில் அங்கே குளித்துவிட்டுத்தான் காவடி, பால்குடம் எல்லாம் கிளம்பும். போன தடவை ஓர் அம்மா படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஐந்தாறு வருடத்துக்கு முன்பு இவ்வளவு பாசி கிடையாது. கமிட்டியில் ஒருவர் துணி வெளுக்கிற குளோரோக்ஸ் ஊற்றலாம் என்கிறார், இன்னொருவர் மயில்துத்தம் வாங்கியே வைத்துவிட்டார். எது நல்லது? தண்ணீர் கெட்டுப்போய்விட்டதா? இரண்டு படம் இணைத்திருக்கிறேன்."

தம்பி, இரண்டும் வேண்டாம். அந்த மயில்துத்தத்தை முதலில் எடுத்துப் பூட்டி வையுங்கள், அது செம்பு கலந்த உப்பு.

ஓடுகிற தண்ணீரில் எந்த மருந்தும் நிற்காது, ஊற்றிய சில நிமிடத்தில் கீழே போய்விடும், போகிற வழியில் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் முதலில் கொல்லும். பினாங்கு மலை கருங்கல் மலை. அதிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. சுண்ணாம்பு உள்ள கடினநீரில் செம்பின் நஞ்சு கொஞ்சமாவது மட்டுப்படும், நம் ஓடை மாதிரி மென்னீரில் அதே அளவு செம்பு பல மடங்கு கடுமையாக வேலை செய்யும். முதலில் சாவது நத்தை. அப்புறம் சின்ன இறால், மீன்குஞ்சு, கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிப்புழுக்கள். இவைதான் இரவும் பகலும் அந்தப் பாசியை மேய்ந்து குறைத்து வைத்திருக்கிற கூட்டம். பாசி மேலோடையிலிருந்து தண்ணீரோடு மிதந்து வந்து சில நாளில் மறுபடி ஒட்டிக்கொள்ளும், நத்தை திரும்பிவர மாதக்கணக்காகும். மாட்டையெல்லாம் கொன்றுவிட்டுப் புல் ஏன் இப்படி வளர்கிறது என்று கேட்ட கதையாகிவிடும். குளோரோக்ஸும் இதே கதைதான்.

சரி, படத்துக்கு வருவோம். படியில் இரண்டு வகை தெரிகிறது. ஓரத்தில் முடி மாதிரி நீண்டு ஆடுகிறதே பச்சை, அது இழைப்பாசி. விரலில் எடுத்துப் பாருங்கள், பட்டுநூல் மாதிரி வழவழவென்று நழுவினால் ஸ்பைரோகைரா, தேங்காய் நார் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் கிளாடோஃபோரா. ஆனால் அந்த அம்மாவை விழவைத்தது பெரும்பாலும் இந்தப் பச்சையாக இருக்காது. நடுப்படியில் பார்த்தால் அழுக்குப் படிந்த மாதிரி பழுப்பாக ஒரு பூச்சு இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆள். டயாட்டம் என்கிற ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றும் மணல்சத்தால் ஆன கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டிப் படகுகள் தானாக நகர்வது தெரியும். நகரவும் கல்லைப் பிடித்துக்கொள்ளவும் அவை ஒரு பசையைச் சுரக்கின்றன, கால் வழுக்குவது அந்தப் பசையில்தான். பச்சையைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள், பழுப்பின் மேல் நம்பிக் கால் வைப்பார்கள். நானும் ஒருமுறை தெலுக் பாஹாங் பக்கம் அப்படித்தான் கால் வைத்தேன், கைப்பேசி போனதுதான் மிச்சம்.

ஏன் தைப்பூசத்துக்கு மட்டும் இவ்வளவு? காலண்டரைப் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும், ஓடை பொங்கி வரும்போது கற்கள் உருண்டு ஒன்றோடொன்று உரசி, இருக்கிற பாசியெல்லாம் தேய்ந்து கழுவிப் போய்விடும். அந்த மாதங்களில் நீங்கள் துடைப்பம் எடுக்கவே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நம் ஊரில் வறண்ட மாதங்கள். தண்ணீர் குறைந்து, தெளிந்து, மெதுவாக ஓடும், வெயில் அடிவரைக்கும் இறங்கும். நாமோ 5 பாகை அட்சரேகையில் இருக்கிறோம், குளிர்காலம் என்று ஒன்று வந்து பாசியைத் தடுக்கப்போவதில்லை, வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். வெப்பமண்டல ஓடையில் பாசிக்குப் பருவம் என்றால் அது மழையும் நிழலும்தான். தைப்பூசம் சரியாக அந்தப் பாசிப் பருவத்தில் வந்து விழுகிறது.

நிழல் என்றேன். உங்கள் முதல் படத்தில் இடதுபக்கம் மூங்கில் புதர் வெட்டிய கட்டைகள் தெரிகின்றன. எப்போது வெட்டினீர்கள்? படித்துறைக்கு சிமெண்டு போட்டபோது, ஐந்தாறு வருடத்துக்கு முன்பு என்றுதான் நினைக்கிறேன். அடர்ந்த காட்டுக்குள் ஓடும் ஓடைக்கு மேலே இருக்கிற வெயிலில் நூற்றில் சில பங்குதான் இறங்கும். அதனால்தான் மேலே ஏறிப்போனால் கல் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். அந்த இருட்டிலும் வாழத் தெரிந்த சில பாசிகள் உண்டு. பாசிமணி கோத்த மாதிரி கணுக்கணுவாக, கரும்பச்சையாக இருக்கும் பாட்ராகோஸ்பெர்மம், உண்மையில் சிவப்புப் பாசி இனம். குளிர்ந்த சுத்தமான நீரை விரும்புவது. மேலே எங்காவது அதைக் கண்டால் சுரண்டாமல் ஒரு படம் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது படத்தில் மடப்பள்ளியிலிருந்து வரும் குழாய். இதைச் சொன்னால் கமிட்டியில் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன். அன்னதானப் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர், அரிசி களைந்தது, அபிஷேகப் பால் எல்லாம் அதில்தானே இறங்குகிறது? ஒரு லிட்டர் பால் தண்ணீரில் கலந்து மட்குவதற்குச் சுமார் 100 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் ஓடைநீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பால் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும். மிஞ்சுகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். குழாய்க்குக் கீழே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது தொங்கினால், அது பாசியே இல்லை, கழிவில் வளரும் பாக்டீரியா. அது இருந்தால் அங்கே யாரையும் குளிக்க விடாதீர்கள்.

தண்ணீர் கெட்டதா என்பதைப் பாசி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, எந்தப் பாசி என்பதுதான் கேள்வி. நிட்ஸ்கியா பாலியா மாதிரி டயாட்டம் பெருகினால் கழிவு கலக்கிறது என்று சந்தேகப்படலாம். இப்படி டயாட்டங்களை வைத்தே சுங்கை பினாங்கு என்கிற பினாங்கு ஆற்றுப் படுகையின் மாசை அளந்து, வான் மஸ்னா, மஷோர் மன்சோர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மற்றபடி எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கிருமி கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். காலில் புண் இருப்பவர்கள் இறங்க வேண்டாம், யாரும் வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்த வருடத்துக்கு: விழாவுக்கு முதல்நாள் மாலை நாலு பேர் இறங்கி, கெட்டித் துடைப்பமும் ஆற்றுமணலும் வைத்துத் தேய்த்துவிடுங்கள், சோப்பு கூடாது. ஒரு வாரம் முன்னாலேயே தேய்த்தால் பழுப்புப் பூச்சு மறுபடி வந்துவிடும். வழவழப்பான சிமெண்டுப் படியில் குறுக்கே காடி வெட்டுங்கள், பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய் கைப்பிடி, மேலே ஒரு விளக்கு. காலை நாலு மணி இருட்டில் விழுந்தவருக்குப் பாசி மட்டும் காரணமில்லை.

அப்புறம், மடப்பள்ளிக் குழாயை ஓடையிலிருந்து திருப்பி விடுங்கள். கரையில் மரம் வையுங்கள், மூங்கில் சீக்கிரம் வரும். எனக்குப் பிடித்தது காப்பிஸ். தீபகற்ப மலேசியாவின் ஓடைக்கரைகளில் இயல்பாக வளரும் மரம், நம் அசோகத்தின் உறவு, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ. ஆற்றோர நிலத்தில் கைவைக்கும் முன் வடிகால், நீர்ப்பாசன இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கமிட்டி நம்பவில்லையா? மெருகு பூசாத ஓடு நாலு வாங்குங்கள். குழாய்க்கு மேலே நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று, குழாய்க்குக் கீழேயும் அதே மாதிரி இரண்டு. ஆழமும் வேகமும் ஒத்த இடமாகப் பார்த்துக் கல்லோடு கட்டி மூன்று வாரம் விட்டுவிட்டு, நாலையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எது எந்த இடம் என்று பின்பக்கம் ஆணியால் கீறி வையுங்கள், மார்க்கரில் எழுதினால் அழிந்துவிடும்.